சம்பந்தி கேட்ட ஆல்பம்

பாட்டு விஷயத்தில் என் காது தப்பாது. இதை நானே சொல்லிக்கொள்வதாக யாரும் நினைக்க வேண்டாம். உத்திரமேரூரைச் சுற்றி என்னோடு நடவு நட்ட பெண்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். எந்தப் பாட்டுக்கு நாற்று நேராக நிற்கும், எந்தப் பாட்டுக்கு வரிசை கோணிக்கொண்டு போகும் என்று முதல் அடியிலேயே சொல்லிவிடுவேன். தாளம் முன்னால் வர வேண்டும், குரல் பின்னால் வர வேண்டும். குரல் முதலில் வந்தால் பாடுவது யார் என்று எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். நிமிர்ந்த இடுப்பு மறுபடி குனிவதற்குச் சண்டித்தனம் பண்ணும். பாடுகிறவர் அப்போதுதான் பாயிலிருந்து எழுந்த மாதிரி முனகுகிற பாட்டு இப்போது நிறைய வருகிறது. அது படுத்துக்கொண்டு கேட்கிறவர்களுக்கு. சேற்றில் நிற்கிறவர்களுக்கு ஆகாது.

எனக்கு எழுத்து கொஞ்சம்தான் வரும். கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன், எழுதுவதும் அப்படித்தான். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் வாயில் போட்ட வெற்றிலை கரைந்துவிடும். எனக்கு அவசரம் இல்லை. படிக்கிறவர்களும் மெதுவாகப் படித்தால் போதும்.

எங்கள் பக்கத்தில் பாட்டு வாங்குவதற்கு 'சிப்பு ஏத்துறது' என்று பெயர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடையில் பூசணி விதையை விடச் சின்னதாக ஒன்றை எடுத்து, அம்மன் பாட்டா, கூத்துப் பாட்டா, பழைய பாட்டா என்று கேட்டு அதற்குள் ஏற்றிக் கொடுப்பார்கள். அதை ஸ்பீக்கரில் செருகினால் ஒரு பகல் முழுக்கப் பாடும். அந்த ஸ்பீக்கர் எதிர் வீட்டுக்காரியுடையது. போனும் அவளுடையது. காது மட்டும் என்னுடையது. என்னை விட வயதில் இளையவள், நடவில் என் பக்கத்து வரிசை. வரப்பில் ஒரு குச்சியை நட்டு ஸ்பீக்கரை மாட்டிவிட்டு, எந்தச் சிப்பு போடுவது என்று என் முகத்தைத்தான் பார்ப்பாள். ஒருமுறை என்னைக் கேட்காமல் அவளாகவே ஒரு சிப்பு போட்டாள். அன்றைக்கு நட்ட வரிசையை நிலத்துக்காரர் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, நாத்து பாம்பு மாதிரி போவுது?" என்று கேட்டார். நான் ஸ்பீக்கரைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

என் மகளைக் கூரம் பக்கத்தில் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவர்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம், நாங்கள் ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற குடும்பம். அதை வைத்து எங்களுக்குள் ஒரு சண்டைப் பேச்சும் வந்ததில்லை. பேச்சு வந்தது மைக் செட்டில்.

கல்யாணத்துக்கு மைக் செட் மாப்பிள்ளை வீட்டார் செலவு, சாப்பாடும் போட்டோவும் எங்கள் செலவு என்று முடிவாகியிருந்தது. அந்தக் கல்யாணத்துக்கென்றே நான் பாட்டு பாட்டாகச் சொல்லி ஒரு சிப்பு ஏற்றியிருந்தேன். பெண் அழைப்புக்கு ஒன்று, தாலி கட்டும்போது ஒன்று, பந்திக்குக் கொஞ்சம் துள்ளலாக ஒன்று. மஞ்சள் துணியில் முடிந்து மைக் செட்காரரிடம் கொடுத்தேன்.

அவர் வாங்காமலே, "பெரீம்மா, மாப்பள வூட்டம்மா அவங்க பாட்டு முடிஞ்ச அப்பால தான் வேற போடணும்னு சொல்லிக்கீறாங்க" என்றார்.

அவர்கள் பாட்டு முடியவில்லை. முடிகிற சமயத்தில் கரண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு பந்தியில் நடந்த குழப்பத்தை இங்கே சொல்ல வேண்டியதில்லை. என் சிப்பு முடிச்சு அவிழாமலே வீட்டுக்குத் திரும்பியது. அதுதான் எனக்கு ஆறவில்லை. பாட்டைப் போட்டு, கேட்டு, பிடிக்கவில்லை என்றால் ஒரு நியாயம் உண்டு. கேட்காமலே ஒதுக்கினால்?

அந்த ஆடியில் மகளை அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை வந்தபோது, திரும்பிப் போகையில் சிப்பை அவர் சட்டைப் பையில் வைத்தேன்.

"உங்கம்மாவக் கேட்டுப் பாக்கச் சொல்லுங்க மாப்ளே. எப்டி கீதுன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க."

ஒரு வார்த்தைதான் வந்தது. எதிர் வீட்டுக்காரி போனுக்குச் சம்பந்தி வாய்ஸ் போட்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் போனை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் காதை வைத்துக் கேட்டோம்.

"கேட்டேன்."

முடிந்தது. எதிர் வீட்டுக்காரி போனை ஆட்டிப் பார்த்தாள். மிச்சம் உள்ளே மாட்டிக்கொண்டதோ என்று அவளுக்குச் சந்தேகம்.

அந்த ஒரு வார்த்தையோடு நிற்காமல் சம்பந்தியும் தன் பங்குக்கு ஒரு சிப்பு கொடுத்தனுப்பினார். அவர்கள் சர்ச்சுப் பெண்கள் சேர்ந்து பாடியது. அதை நான் நியாயமாகக் கேட்டேன். ஆர்மோனியம் நல்ல சுத்தம். ஒரு பாட்டில் மேய்ப்பர் ஒருவர் தொலைந்துபோன ஆட்டைக் காடு மேடெல்லாம் தேடிக்கொண்டு போகிறார். ஏரிக்குள் போன என் சினை ஆட்டைத் தேடி ஒரு நாள் முழுக்க நான் அலைந்திருக்கிறேன். கை நாற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு எப்படி இருந்ததோ அப்படியே விவரமாக வாய்ஸ் போட்டேன்.

"சம்மந்தி, மொத பாட்டு நல்லா கீது, ஆனா ஆரம்பிக்கவே நேரமாவுது. ரெண்டாவதுல மோளம் பத்தல. அந்த ஆட்டுப் பாட்டு இருக்குதே, அது சோக்கா கீது. ஆனா பாட்டு முடிஞ்சி போச்சே, ஆடு கெடச்சிதா இல்லியா? அத்த மட்டும் சொல்லுங்க."

அதற்குப் பதில் வந்தது. "கெடச்சிது."

பாருங்கள், நான் எவ்வளவு சொல்கிறேன், அவர் எவ்வளவு சொல்கிறார். ஆனால் விடுகிற ஆள் நான் இல்லை. என் பாட்டு ஒன்றைக் கேட்டு 'நல்லாருந்துச்சி' என்று சம்பந்தி வாயால் சொல்ல வைக்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். அந்த ஒரு சொல் போதும்.

அதிலிருந்து மாப்பிள்ளை நெல் மண்டிக்கு லோடு ஏற்றி வரும்போதெல்லாம் ஒரு சிப்பு போகும், ஒரு சிப்பு வரும். பம்பையும் உடுக்கையும் அடிக்கிற அம்மன் பாட்டு அனுப்பினேன். கேட்டேன் என்றார். விடிய விடிய ஆடுகிற கூத்துப் பாட்டு அனுப்பினேன். "கேட்டேன், கேட்டேன்" என்றார். இரண்டு முறை சொன்னதற்கு அர்த்தம் என்ன என்று களத்துமேட்டில் உட்கார்ந்து நாங்கள் ஒரு நாஷ்டா நேரம் பேசினோம்.

"ரெண்டு தபா கேட்டாங்கன்னு சொல்றாங்க யக்கா," என்றாள் எதிர் வீட்டுக்காரி.

"இல்லடி. போதும் வுடுன்னு சொல்றாங்க."

கடைசியாக ஒப்பாரிச் சிப்பு ஒன்று ஏற்றி அனுப்பினேன். கல் மனசும் கரையும். என் நாத்தனார் அதைக் கேட்டு, உயிரோடு இருக்கிற புருஷனைக் கட்டிக்கொண்டு அழுதவள். சம்பந்தியிடமிருந்து வந்த பதில்: "கேட்டுக்கினே கீறேன்."

இது புதிது. எதிர் வீட்டுக்காரி கையைத் தட்டினாள். "யக்கா, மனசு எறங்குது யக்கா. கேட்டேன்னு முடிக்காம, கேட்டுக்கினே கீறேன்னு சொல்றாங்க பாரு."

எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

மாசி மாதம், களை எடுப்பு நடந்துகொண்டிருந்தபோது அந்த வாய்ஸ் வந்தது. வழக்கத்துக்கு மாறாக நீளமாக இருந்தது. எதிர் வீட்டுக்காரி கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் போட்டாள்.

"சம்மந்தி, நல்லா கீறீங்களா? இங்க எங்க வூட்டாண்ட புளி ஒடைக்கப் பொம்பளைங்க வராங்க. உங்க வூட்டு ஆல்பம் ஒன்னு நல்லதா பாத்துக் குடுத்தனுப்புங்க. எல்லாரும் கேக்குறாங்க. எம் புள்ளையாண்ட குடுத்தா எடுத்துகினு வந்துருவான்."

நான் களைக்கொட்டைக் கீழே வைத்தேன். எங்கள் வீட்டில் ஆல்பம் என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான். மகளின் கல்யாண ஆல்பம். மணைப் பலகை அளவுக்கு அகலம், தூக்கினால் கை வலிக்கிற கனம், மேலே பொன் நிறத்தில் பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும். போட்டோ எங்கள் செலவு என்பதால் அது எங்கள் வீட்டில், பீரோவில், என் பட்டுப் புடவைக்குக் கீழே இருந்தது.

"இத்தினி நாளு கேக்காதவங்க இப்ப இன்னாத்துக்குக் கேக்குறாங்க?" என்றாள் எதிர் வீட்டுக்காரி.

"அதான் தெரியல. நல்லதா பாத்துக் குடுத்தனுப்பணுமாம். நம்ம வூட்ல இன்னா பத்து ஆல்பமா கீது, பொறுக்கி எடுத்துக் குடுக்க?"

"எல்லாரும் கேக்குறாங்களாமே."

"புளி ஒடைக்க வர்றவங்களுக்கு எம் பொண்ணு கல்யாணப் படம் எதுக்குடி?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். வயலில் எங்கள் இரண்டு பேரையும் ஒரு கொக்கையும் தவிர ஆள் இல்லை. "யக்கா, அந்த ஆல்பத்துல உங்க சம்மந்தி படம் ஒன்னு கூட ஒயுங்கா இல்லியே. அத்தப் பாத்தா வுடுவாங்களா?"

அதுதான் எனக்கும் பயம். அந்தப் போட்டோக்காரர் என்ன செய்தாரோ, சம்பந்தி வருகிற படத்தில் எல்லாம் ஒரு கோளாறு. ஒன்றில் மாலை முகத்தை மறைத்திருக்கும். ஒன்றில் கண் மூடியிருக்கும். இன்னொன்றிலும் கண் மூடியிருக்கும். குத்துவிளக்குப் பக்கத்தில் ஒரு முழங்கை மட்டும் தெரியும், வளையலை வைத்துத்தான் அது சம்பந்தி என்று சொல்ல வேண்டும். அதே ஆல்பத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் கண்ணைத் திறந்துகொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு பளிச்சென்று இருப்பார்கள். போட்டோக்காரருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று யாரும் நினைத்தால் அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது.

"குடுக்காத யக்கா. பூச்சி அரிச்சிடுச்சின்னு சொல்லிடு."

"சம்மந்தி வாய் தொறந்து ஒன்னு கேட்டு, இல்லன்னு சொன்னேன்னு எம் பேரு ஆவணுமா? வந்தா வரட்டும்."

இரண்டு நாள் வெயிலில் வைத்து எடுத்தேன். பூச்சி வராமல் இருக்க நடுவில் இரண்டு வசம்பு வைத்து, பழைய வாயில் புடவையில் சுற்றி, மேலே அரிசிச் சாக்குப் போட்டுக் கட்டினேன். மாப்பிள்ளை மண்டிக்கு வந்த அன்றைக்கு லோடு ஆட்டோ வரை நானே தூக்கிக்கொண்டு போனேன்.

"இன்னா அத்தே, சிப்பு இவ்ளோ பெருசாயிடுச்சா?"

"உங்கம்மா கேட்டது மாப்ளே. மூட்டையோட போடாதீங்க, பக்கத்து சீட்டுல வைங்க."

இரண்டாவது கேள்வி கேட்கிற பழக்கம் மாப்பிள்ளைக்கு இல்லை. மகளைக் கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மறுநாள் களை எடுத்துக்கொண்டிருக்கையில் போன் கூவியது. எதிர் வீட்டுக்காரி வரப்பில் ஏறி வாய்ஸைப் போட்டாள். முதலில் புளி தட்டுகிற சத்தம் டொக் டொக்கென்று கேட்டது. பிறகு பெண்கள் சிரிக்கிற சத்தம். பிறகு சம்பந்தி.

"சம்மந்தி, ஆல்பம் வந்துச்சி." டொக், டொக். "நான் கேட்டது பாட்டு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. எதிர் வீட்டுக்காரிக்குத்தான் சட்டென்று பிடிபட்டது. அவள் அக்கா மகள் சர்ச்சு ஒன்றின் பக்கத்தில் குடியிருக்கிறாள். சர்ச்சுக்காரர்கள் வருஷா வருஷம் புதுப் பாட்டு பாடி வெளியிடுவார்கள், அந்தப் பாட்டு மொத்தத்துக்கும் ஆல்பம் என்றுதான் பெயர், அதற்கு ஒரு விழாவே நடக்கும் என்றாள். நாம் சிப்பு என்பதைச் சம்பந்தி இத்தனை நாளும் தன் மனசுக்குள் ஆல்பம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். முந்தைய வாய்ஸை மறுபடி போடச் சொன்னேன். உங்க வூட்டு ஆல்பம் ஒன்னு நல்லதா பாத்துக் குடுத்தனுப்புங்க. எல்லாரும் கேக்குறாங்க.

எல்லாரும் கேட்கிறார்களாம்! புளி உடைக்க வருகிற பெண்கள் அத்தனை பேரும் என் பாட்டைக் கேட்கிறார்களாம். வேண்டும் என்று வேறு கேட்கிறார்களாம். கூத்துப் பாட்டும் பம்பையும் ஒப்பாரியும் அந்தப் புளிய மரத்தடியில் பாடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் எந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேனோ அது வீடு தேடி வந்து வாசலில் நின்றிருக்கிறது. நான் அதன் கையில் கல்யாணப் படத்தைக் கொடுத்து, வசம்பும் வைத்து அனுப்பியிருக்கிறேன்.

"பேஜாராப் போச்சே யக்கா," என்றாள் எதிர் வீட்டுக்காரி.

போன் மறுபடி கூவியது. இன்னொரு வாய்ஸ். அதன் பின்னாலேயே இன்னொன்று.

"இருந்தாலும் வந்தத வுடுவானேன்னு எல்லாரும் கையக் கயுவிக்கினு வந்து ஒவ்வொரு பக்கமா பாத்தோம். மொத பக்கம் சுமார். மாலை ஜாஸ்தி, ஆளு கம்மி. ரெண்டாவது பக்கம் தேவல. நாலாவது பக்கத்துல உங்க பெரியப்பா வந்து குந்துனவரு, கடேசி பக்கம் வரைக்கும் எயுந்துக்கவே இல்ல. எல்லாப் படத்துலயும் அவரு கீறாரு. கல்யாணம் அவருக்கா எம் புள்ளைக்கா?"

சிரிப்புச் சத்தத்தில் கொஞ்சம் கேட்கவில்லை. என் பாட்டுக்கெல்லாம் ஒரே சொல்லில் பதில் சொன்ன மனுஷி, படத்துக்குப் பக்கம் பக்கமாகச் சொல்கிறார்!

"அப்பால என் படம். எல்லாத்துலயும் கண்ண மூடிகினு கீறேன். போட்டோ புடிக்கிறவரு இன்னா பண்ணுவாரு? நான் கண்ணத் தொறப்பேன்னு காத்துகினு இருந்தா இன்னி வரைக்கும் தாலி கட்டியிருக்க மாட்டாங்க."

எனக்கு மனசில் இருந்த கனம் பாதி இறங்கியது. பெரிய மனசுக்காரிதான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். வெளியில் சொல்லவில்லை. கடைசி வாய்ஸில் குரல் மாறியிருந்தது. புளி தட்டுகிற சத்தமும் இல்லை. எங்கேயோ தனியாகப் போய்ப் பேசினார் போல.

"சம்மந்தி, ஒரு படம் கீதே. நீங்க கையத் தூக்கிகினு, வாயத் தொறந்துகினு, கயுத்து நரம்பெல்லாம் பொடச்சிகினு நிக்கிறீங்க. அத்தப் பாத்ததும் எனக்கு அப்டியே அன்னிக்கிக் கேட்டது ஞாபகம் வந்துச்சி. கரண்டு போயி மைக் செட்டு நின்ன அப்பால நீங்க பாடுனீங்களே. நான் மணவறையாண்ட இருந்தேன். வார்த்த புரியல. கடேசில ஒரு இயுப்பு இயுத்தீங்க பாருங்க, ஒடம்பு சிலுத்துப் போச்சி. இன்னிக்கி வரைக்கும் சொல்லல. நல்லாருந்துச்சி. அந்தப் பாட்ட ஒருக்கா பாடி அனுப்புங்க."

நல்லாருந்துச்சி.

வந்துவிட்டது. சம்பந்தியின் வாயிலிருந்து, நான் கேட்காமல், முழுசாக வந்துவிட்டது. எதிர் வீட்டுக்காரி என்னைக் கட்டிக்கொண்டாள். "யக்கா, ஜெயிச்சிட்ட யக்கா! இன்னா பாட்டு பாடுன அன்னிக்கி?"

அன்றைக்கு நான் எந்தப் பாட்டும் பாடவில்லை.

சொல்லாமல் விடலாம் என்று நினைத்த அந்தப் பந்திக் குழப்பம் இதுதான். கரண்டு போனதும் சமையல்காரர் ஆட்கள் இருட்டில் அவசர அவசரமாகப் பரிமாறிக்கொண்டு போய்விட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்த பந்தியில் ஓர் இலையில் கூட அப்பளம் இல்லை. சம்பந்தி வீட்டாருக்கு அப்பளம் வைக்காமல் சோறு போட்டார்கள் என்று ஏழு தலைமுறைக்குப் பேசுவார்கள். சமையல் கொட்டகையோ மண்டபத்துக்குப் பின்னால், தூரத்தில். மைக்கும் இல்லை. நான் பந்திக் கூடத்தின் பின்படியில் ஏறி நின்று, கையைத் தூக்கி, வயிற்றிலிருந்து குரல் எடுத்து, கொட்டகைக்குக் கேட்கிற மாதிரி, "அப்பளா...ம்! அப்பளம் எங்கடா... அப்பளா...ம்!" என்று கூவினேன். அப்பளம் வந்தது. கூடை கூடையாக வந்தது. அதைத்தான் போட்டோக்காரர் பிடித்திருக்கிறார். அதைத்தான் சம்பந்தி கேட்டிருக்கிறார்.

இதைச் சொன்னதும் எதிர் வீட்டுக்காரி களைக்கட்டின் மேலேயே விழுந்து சிரித்தாள். நெற்பயிர் இரண்டு சாய்ந்துவிட்டது. அதைக் கூட நிமிர்த்தவில்லை.

"உள்ளத உள்ளபடி சொல்லிடு யக்கா."

"இன்னான்னு சொல்றது? அது பாட்டு இல்ல சம்மந்தி, உங்க ஜனங்க எலையில அப்பளம் இல்லன்னு கத்துனேன்னா? சொன்னா நல்லாருந்துச்சின்னு சொன்னத திருப்பி வாங்கிக்குவாங்க."

"அப்ப இன்னா பண்ணுவ?"

"பாடுவேன்."

நடவுப் பாட்டில் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த நல்ல பாட்டு ஒன்று உண்டு. நான் முன்பாட்டு, மற்றவர்கள் பின்பாட்டு. களை எடுக்கிற பெண்கள் எல்லாரையும் வேப்ப மரத்தடியில் நிற்க வைத்து, தொண்டைக்கு மிளகு கொடுத்து, மூன்று முறை ஒத்திகை பார்த்துப் பாடினோம். எதிர் வீட்டுக்காரி போனை ஒரு சொம்பின் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டாள், அப்படிப் பிடித்தால் குரல் கணீரென்று விழும் என்று. இன்றைக்கும் சொல்கிறேன், அது நல்ல பாட்டு, நன்றாகப் பாடினோம்.

சாயங்காலம் பதில் வந்தது.

"கேட்டேன்."

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். உடனே அடுத்த வாய்ஸ். "அன்னிக்கி மாதிரி இல்ல சம்மந்தி. அந்த இயுப்பு வரல. வயசாயிடுச்சின்னா வுடுங்க, பரவால்ல."

வயசாகிவிட்டதாம்! கல்யாணம் முடிந்து எத்தனை வருஷம் ஆகிவிட்டது, அதற்குள் எனக்கு வயசாவதற்கு? சம்பந்தியை விட நான் சின்னவள். ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் எதிர் வீட்டுக்காரி வாசலில் வந்து நின்றாள். "யக்கா, அப்பளம்னே பாடிடேன்."

"போடி."

"வார்த்த புரியலன்னு அவங்களே சொல்லிக்கீறாங்க. இயுப்புதான வோணும்? எட்டத்துல நின்னு இயுத்தா எது அப்பளம், எது சாமின்னு யாருக்குத் தெரியும்?"

நான் யோசித்தேன். சும்மா உட்கார்ந்து அந்தக் குரலை எடுக்க முடியாது, அதற்குத் தூரம் வேண்டும். தூரத்தில் ஒருவன் கூடையோடு நிற்கிறான், அவனுக்குக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் வேண்டும். இரண்டு பேரும் ஏரிக்கரைக்குப் போனோம். ஏரியில் தண்ணீர் முக்கால் இருந்தது. கரை மேல் நின்று கூவினால் குரல் தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு அக்கரை வரை போகும். எதிர் வீட்டுக்காரி தள்ளிப் போய், போனைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். நான் கையைத் தூக்கினேன். கண்ணை மூடி அந்தப் பந்தியை நினைத்தேன். வெறும் இலைகள், மாப்பிள்ளை வீட்டு ஜனங்கள், நடுவில் என் மானம்.

"அப்பளா...ம்!"

இரண்டு நீர்க்கோழி எழுந்து பறந்தது. அந்த இழுப்பு வந்துவிட்டது. எனக்கே தெரிந்தது. இன்னொரு முறை கூவினேன். அக்கரையில் குடிசைப் பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து, நெற்றிக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அவளும் நல்ல குரலில் கூவினாள்.

"கட்டு இன்னா வெலம்மா?"

எதிர் வீட்டுக்காரி அப்போதுதான் பதறிக்கொண்டு போனில் அழுத்தியிருந்த கட்டை விரலை எடுத்தாள். கடைசிக் கேள்வி உள்ளே விழுந்ததா இல்லையா என்று அவள் போட்டுக் கேட்கவில்லை. நானும் போடச் சொல்லவில்லை. அக்கரைக்காரிக்கு இல்லை என்று கையை ஆட்டிவிட்டு, பாட்டை அனுப்பிவிட்டு, களை எடுக்கப் போய்விட்டோம்.

பதில் உடனே வரவில்லை. மத்தியானம் வந்தது.

"இதான் சம்மந்தி! இதே தான். நல்லாருக்கு. பொம்பளைங்க இன்னொரு தபா போடச் சொன்னாங்க, போட்டேன். கூடப் பாடுறாங்களே கடேசில ஒருத்தவங்க, அவங்க குரலும் நல்லா கீது."

எதிர் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். நான் வயலைப் பார்த்தேன். ஆனாலும் அன்றைக்கு முழுக்க எனக்கு வெயில் தெரியவில்லை.

அடுத்த வாரம் மாப்பிள்ளை ஆல்பத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். அதே வாயில் புடவை, துவைத்து மடித்து, அதற்குள் ஆல்பம். பிரித்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில், பெண் மாப்பிள்ளை படத்துக்கு ஓரமாக, புதிதாக ஒரு சின்ன போட்டோ செருகியிருந்தது. சம்பந்தி. ஸ்டூடியோவில் போய் எடுத்தது. இரண்டு கண்ணும் முட்டை முட்டையாக அகலத் திறந்து, இமைத்தால் போய்விடும் என்பது போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல படம். அதை எடுக்கவில்லை, அங்கேயே இருக்கிறது.

"இன்னொன்னும் குடுத்தாங்க அத்தே," என்று மாப்பிள்ளை சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பை எடுத்துக் கொடுத்தார். உள்ளே அப்பளம். கட்டு கட்டாக, உளுந்து அப்பளம், ஒன்றாம் தரம்.

"எதுக்காம்?"

"சொல்லல. உங்களுக்குத் தெரியும்னாங்க."

அவர் சொல்லாவிட்டால் மாப்பிள்ளை கேட்கிற ஆளும் இல்லை.

அன்றைக்கே பொரித்து, கூடையில் அள்ளிக்கொண்டு வயலுக்குப் போனேன். வரப்பில் உட்கார்ந்து எல்லாரும் தின்றோம். சம்பந்திக்கு எப்போது தெரிந்தது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அக்கரைக்காரி விலை கேட்டபோது என்றாள் ஒருத்தி. கல்யாணத்தன்றே என்றாள் இன்னொருத்தி. நான் அந்தப் பேச்சில் சேரவில்லை. எதிர் வீட்டுக்காரி போனை என் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"ஒரு வார்த்த சொல்லு யக்கா. எப்டி கீதுன்னு கேப்பாங்க இல்ல?"

அப்பளம் அருமையாக இருந்தது. உப்பு சரியாக இருந்தது, பொரியும்போது நன்றாக எழும்பியது, வாயில் வைத்ததும் கரைந்தது. சொல்வதற்கு நிறைய இருந்தது. நான் இன்னொன்றை எடுத்து, போனுக்குப் பக்கத்தில் வைத்து நொறுக்கென்று ஒரு கடி கடித்தேன். மென்று விழுங்கிவிட்டு, அவசரப்படாமல் சொன்னேன்.

"துன்னேன்."